அடிபட்ட புரொப்பெல்லரும் ஸ்கெக்கும்: அறிகுறியை வைத்துப் பழுது பார்க்கும் வழி

படகுக்கு அடியில் ‘டங்’கென்று ஒரு சத்தம். பாறையோ மரக்கட்டையோ, எதிலோ இடித்துவிட்டது. படகின் பின்புறம் வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால் ஒரு இறக்கையின் நுனி நெளிந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்கு அடியில் தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கெக்கில் ஒரு துண்டைக் காணோம். உடனே எழும் கேள்வி, தட்டிச் சரிசெய்யலாமா, புதிதாக வாங்க வேண்டுமா என்பதுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் முன் புரொப்பெல்லருக்குப் பின்னால் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். இறக்கை வாங்கிய அடி ஷாஃப்ட், ஆயில் சீல், கியர் என்று உள்ளே போயிருக்கலாம். புரொப்பெல்லரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், காசு கொடுத்து அழகாகச் சரிசெய்ததைக் கொண்டுபோய் வளைந்த ஷாஃப்டில் மாட்டுவோம்.

கை வைப்பதற்கு முன்

சாவியை எடுத்துவிடுங்கள். கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கியரில் இருக்கும்போது புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். அது ஸ்டார்ட் ஆகிவிடும் வாய்ப்பு உண்டு. பெட்ரோல் எஞ்சின் என்றால் ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றி வைப்பது இன்னும் நல்லது. அடிபட்ட விளிம்பு கையை அறுக்கும், தடித்த கையுறை போடுங்கள்.

காட்டர் பின்னை நிமிர்த்தி உருவிவிட்டு, இறக்கைக்கும் அதற்கு மேலே இருக்கும் கிடைத்தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து நட்டைக் கழற்றுங்கள். வாஷர், ஸ்பேசர் எல்லாவற்றையும் கழன்று வரும் வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். கடைசியில் இருக்கும் த்ரஸ்ட் வாஷரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது சில நேரம் ஷாஃப்டில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், சில நேரம் புரொப்பெல்லருக்குள் ஒட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடும். படகைத் தள்ளும் விசை முழுவதும் அந்த வாஷர் வழியாகத்தான் ஷாஃப்டுக்குப் போகிறது. அது இல்லாமல் மாட்டினால் புரொப்பெல்லர் முன்னால் நகர்ந்து கியர்பாக்ஸ் உடம்பை உரசித் தின்ன ஆரம்பிக்கும்.

அறிகுறி: படகு உதறுகிறது, ஸ்டியரிங்கில் அதிர்வு தெரிகிறது

அடிபட்ட பிறகு புதிதாக ஒரு அதிர்வு வந்திருந்தால், அது தாங்கக்கூடிய அளவில் இருந்தாலும் அப்படியே ஓட்டாதீர்கள். சமநிலை கெட்ட புரொப்பெல்லர் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை ஒரு பக்கமாக இழுக்கிறது. பேரிங்கும் ஆயில் சீலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித் தேய்கின்றன.

முதலில் எளிய காரணத்தைப் பாருங்கள். தங்கூசி நரம்போ வலைத்துண்டோ ஹப்புக்கும் (இறக்கைகள் சேரும் நடுப்பகுதி) கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஷாஃப்டில் சுற்றியிருக்கிறதா? இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு ஆயில் சீலையும் பாருங்கள். நைலான் நரம்பு சுற்றச் சுற்ற இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். அதன் விளைவு அன்றைக்குத் தெரியாது, கியர் ஆயிலில் தண்ணீர் புகுந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது ஷாஃப்ட். புரொப்பெல்லரைக் கழற்றிய பிறகு ஷாஃப்டின் முனையில், நட்ட நடுவில், லேத்தில் கடைவதற்காகப் போட்ட ஒரு சின்னக் குழி தெரியும். நியூட்ரலில் ஷாஃப்டை மெதுவாகக் கையால் சுற்றிக்கொண்டே அந்தக் குழியை மட்டும் பாருங்கள். அது இடத்திலேயே நின்றால் ஷாஃப்ட் நேர். குழியே ஒரு குட்டி வட்டம் போட்டால் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. கண் சந்தேகப்பட்டால் ஒரு கம்பியைக் கியர்பாக்ஸில் டேப் போட்டு ஒட்டி, அதன் முனையை ஷாஃப்டுக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்துங்கள். சுற்றும்போது இடைவெளி கூடிக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். அனுமதிக்கப்பட்ட ஆட்டத்தின் அளவு எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும். வெறும் கண்ணுக்கே ஆட்டம் தெரிகிறது என்றால் எல்லையைத் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அவுட்போர்டு ஷாஃப்டை நிமிர்த்திப் பயன்படுத்தச் சொல்லமாட்டேன், மாற்றிவிடுங்கள். எஞ்சின் உள்ளே இருக்கும் இன்போர்டு படகின் நீளமான ஷாஃப்டை அனுபவமுள்ள பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்துவது வழக்கத்தில் உண்டு. ஆனால் அங்கே ஷாஃப்டைத் தாங்கும் ஸ்ட்ரட், அதற்குள் இருக்கும் ரப்பர் பேரிங், எஞ்சினோடு சேரும் கப்ளிங் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஷாஃப்ட் நேராக இருந்தால் இறக்கைகளுக்கு வருவோம். நெளிவு எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. புரொப்பெல்லரைச் சமதளமான மேசையில் ஹப் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு செங்கல்லோடு பென்சிலைக் கட்டி, அதன் முனை ஒரு இறக்கையின் விளிம்பில் ஏதாவது ஒரு இடத்தைத் தொடும்படி வைத்து, புரொப்பெல்லரை மட்டும் சுற்றுங்கள். அடுத்த இறக்கையின் அதே இடம் வரும்போது பென்சில் தொடுகிறதா, இடைவெளி விடுகிறதா, முட்டுகிறதா? நுனி, நடு, அடி என்று மூன்று இடங்களில் இப்படிப் பார்த்தால் எந்த இறக்கை விலகியிருக்கிறது என்பது தெளிவாகிவிடும். அப்புறம் நல்ல இறக்கையின் விளிம்பை அட்டையில் வரைந்து வெட்டி, மற்ற இறக்கைகள் மேல் வைத்துப் பாருங்கள். எவ்வளவு உலோகம் போயிருக்கிறது என்று அதில் தெரியும்.

விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள் விழுந்திருந்தால் அரைவட்ட அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து நீங்களே சரிசெய்யலாம். பள்ளத்தின் அடிவரை முழு விளிம்பையும் ராவிவிட வேண்டாம். சொரசொரப்பையும் நீட்டிக்கொண்டிருப்பதையும் எடுத்தாலே போதும். ஓர் இறக்கையில் நிறைய எடுக்க வேண்டியிருந்தால் வீட்டு வேலையாக அதைச் செய்யாதீர்கள். நெளிந்த நுனியைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவதும் அப்படித்தான். அடித்தால் நிமிரும், ஆனால் பிட்ச் கோணம் (ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதைத் தீர்மானிக்கும் இறக்கைச் சாய்வு) பழைய இடத்துக்கு வந்ததா என்று அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. குளிர்ந்த வார்ப்பு அலுமினியம் அடி வாங்கும்போது விரிசலும் விடும். நல்ல பட்டறையில் ஒவ்வொரு இறக்கையையும் பிட்ச் அச்சில் வைத்தோ கணினியோடு இணைந்த அளவுகோலை வைத்தோ அளந்து, பிறகு சமநிலையும் பார்த்துக் கொடுப்பார்கள். கேட்க வேண்டியதும் அதைத்தான்: “அளந்து தருவீர்களா, பார்த்துத் தருவீர்களா?”

அறிகுறி: எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை

இதில்தான் தேவையில்லாமல் முழு புரொப்பெல்லரையும் மாற்றிவிடுகிறார்கள். இறக்கைகளில் ஒரு கீறல்கூட இல்லை, எஞ்சினோ த்ராட்டில் கொடுத்தால் சட்டென்று உச்சத்துக்கு எகிறுகிறது, மெதுவாகப் போனால் மட்டும் படகு நகர்கிறது என்றால், பழுது பெரும்பாலும் ஹப்பில்தான்.

அவுட்போர்டு புரொப்பெல்லரின் நடுவில் ஷாஃப்டின் ஸ்ப்லைனை (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) பிடிக்கும் ஓர் உள் உலோகக் குழாய் இருக்கும். அதற்கும் வெளி உடம்புக்கும் நடுவில் அழுத்தி இறக்கிய ரப்பர் புஷ் இருக்கும். பாறையில் இடிக்கும்போது கியர் உடையாமல் இந்த ரப்பர் வழுக்கிக்கொடுக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஒருமுறை பிடி விட்ட ரப்பர் அடுத்த தடவை லேசான பாரத்துக்கே வழுக்கும்.

சோதிப்பது எளிது. பின்பக்கத்திலிருந்து பார்த்து, உள் குழாயிலிருந்து வெளி உடம்பு வரை குறுக்காக ஒரே நேர்கோடு பெயிண்டால் போடுங்கள். காய்ந்ததும் தண்ணீரில் இறக்கிப் பாரம் கொடுத்து ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து தள்ளி நின்றால் ஹப் வழுக்குகிறது. கோடு நேராகவே இருந்தால் பழுது வேறு இடத்தில்.

இதற்கு ஹப்பை மட்டும் மாற்றினால் போதும். ரப்பர் வகை என்றால் பழையதை வெளியேற்றிப் புதியதை இறக்க ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், அது பட்டறை வேலை. பிளாஸ்டிக் ஸ்லீவ் வைத்த ஹப் கிட் வகை என்றால் கையாலேயே உருவிப் புதியதைச் செருகலாம். அந்த வகைக்கு ஒரு உபரி கிட்டைப் படகிலேயே வைத்திருங்கள். நடுவழியில் ஹப் போனால் பதறாமல், வழுக்காத அளவுக்குக் குறைந்த வேகத்தில் கரை சேருங்கள்.

மிகச் சிறிய எஞ்சின்கள் சிலவற்றில் ஸ்ப்லைனுக்குப் பதில் ஷாஃப்டின் குறுக்கே ஷியர் பின் இருக்கும். அடிபட்டதும் அது அறுந்து, புரொப்பெல்லர் வெறுமனே சுற்றும். அதே அளவுப் பின்னையே போடுங்கள். கிடைத்த ஆணியையோ கெட்டியான போல்ட்டையோ வெட்டிப் போட்டால், அடுத்த அடியில் அறுவது பின்னாக இருக்காது.

அறிகுறி: ஆர்.பி.எம். கூடியிருக்கிறது, திருப்பத்தில் பிடி விடுகிறது

முழு த்ராட்டிலில் முன்பைவிட எஞ்சின் அதிகமாகச் சுற்றுகிறது, வேகம் கூடவில்லை, திருப்பும்போதோ ட்ரிம்மை (எஞ்சினின் சாய்வை) உயர்த்தும்போதோ புரொப்பெல்லர் திடீரென்று தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றைப் பிடிக்கிறது. ஹப் சோதனையில் கோடு நகரவில்லை. இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, இறக்கையின் பின்விளிம்பு. பல புரொப்பெல்லர்களில் அந்த விளிம்பு உள்நோக்கி லேசாக மடிந்திருக்கும், விரல் நுனியால் தடவினால் உதடு தட்டுப்படும். அதைக் ‘கப்’ என்பார்கள். பார்த்தால் ஒன்றுமில்லாத அந்த மடிப்புதான் தண்ணீரின் பிடியைத் தக்கவைக்கிறது. மணலில் அடிக்கடி உரசினால் அது தேய்ந்துபோகும். அதைவிட மோசம், விளிம்பை ‘நன்றாக’ மழுங்க ராவுகிறேன் என்று அரத்தோடு உட்காரும் கை. புரொப்பெல்லர் பளபளவென்று இருக்கும், கப் போயிருக்கும். அதைத் திரும்ப மடித்துக் கொடுக்கப் பட்டறையால் முடியும், ஆனால் எல்லா இறக்கைகளிலும் ஒரே அளவில் வர வேண்டும்.

மற்றொன்று, ஹப்பின் பின்முனையில் வெளிப்புறமாக விரியும் வளையம். எஞ்சினின் புகை ஹப் வழியாக வெளியேறும் வகைகளில், அந்தப் புகை திரும்பி இறக்கை மேல் வராமல் இந்த வளையம் தடுக்கிறது. அதில் ஒரு பகுதி உடைந்திருந்தால், புகை இறக்கைகளைச் சூழ்ந்து பிடியைக் கெடுக்கும். எல்லோரும் இறக்கையையே பார்த்துக்கொண்டிருப்பதால் இந்த உடைசல் கண்ணில் படாமலே போகிறது.

சந்தேகம் தீர ஒரு கணக்கு உண்டு. எஞ்சின் ஆர்.பி.எம்.மைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 1215 ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாதபோது போக வேண்டிய வேகம் நாட் கணக்கில் வரும். ஆர்.பி.எம். 5000, கியர் விகிதம் 2, பிட்ச் 17 என்றால் 35 நாட். ஜிபிஎஸ் 30 காட்டினால் வழுக்கல் சுமார் 14 சதவீதம், வேகப் படகுக்கு அது சாதாரணம். புரொப்பெல்லர் நன்றாக இருக்கும் நாளில் இதை அளந்து எழுதி வைத்திருந்தால், அடிபட்ட பிறகு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எண்ணாகவே பார்க்கலாம். அதே சுமை, அதே அலை நிலை என்று ஒப்பிட மறக்காதீர்கள்.

“இறக்கை உடைந்த பிறகும் படகு நன்றாகத்தானே ஓடுகிறது” என்று சொல்பவர்கள் உண்டு. 1837இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் தன் மரத் திருகைச் சோதித்தபோது அதில் பாதி உடைந்து போக, படகு முன்னைவிட வேகமாக ஓடியது உண்மைதான். முதலில் இருந்த வடிவம் தேவைக்கு மேல் நீளம், அதனால் நடந்தது அது. இன்றைய புரொப்பெல்லரில் உடைந்து விழ வேண்டிய உபரித் துண்டு எதுவும் கிடையாது. எஞ்சின் தன் உச்ச வரம்பைத் தாண்டிச் சுற்றினால், ஓட்டம் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் எஞ்சினுக்கு அது கேடு.

ஆர்.பி.எம். குறைந்திருந்தால்?

பட்டறையிலிருந்து வந்த புரொப்பெல்லரில் முழு த்ராட்டில் கொடுத்தும் எஞ்சின் தனக்குரிய வரம்பை எட்டவில்லை என்றால், பிட்ச் கூடிப்போயிருக்கலாம். ஒரு அங்குலப் பிட்ச் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை மாற்றும். திருப்பிக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதுவும் இதையே செய்யும்.

அறிகுறி: இறக்கையில் அரித்த குழிகள்

குழிகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் விஷயம். முன்விளிம்பில் ஒரு சொட்டை, அதற்குப் பின்னால் ஒரே இடத்தில் கூட்டமாகக் குழிகள் என்றால் அது கேவிட்டேஷன். சொட்டையைத் தாண்டும் தண்ணீரின் அழுத்தம் சட்டென்று குறைந்து நீராவிக் குமிழிகள் உண்டாகி, சற்றுத் தள்ளி உடைகின்றன. ஒவ்வொரு உடைவும் உலோகத்தைத் துளித்துளியாகப் பிய்க்கிறது. முன்விளிம்பைச் சரிசெய்தால் அரிப்பு நிற்கும். ஆழமில்லாத குழிகளை அப்படியே விடலாம்.

குழிகள் இறக்கை முழுவதும் பரவி, அலுமினியத்தில் வெள்ளைத் தூள் பூத்து, பெயிண்ட் உப்பியிருந்தால் அது மின்வேதி அரிப்பு. மற்ற உலோகத்துக்குப் பதில் தான் கரைந்து காக்கும் துத்தநாக அல்லது அலுமினிய ஆனோடைப் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனோடு மேல் பெயிண்ட் அடித்திருந்தால் அது வேலையே செய்யாது.

இன்போர்டு படகின் வெண்கலப் புரொப்பெல்லரில் வேறொன்றைத் தேடுங்கள். ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் நல்லது. செம்பின் இளஞ்சிவப்பு தெரிந்தால், உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். மாங்கனீஸ் வெண்கலத்தில் துத்தநாகம் அதிகம் என்பதால் அதற்கு இந்த நோய் வரும். வடிவம் அப்படியே இருந்தாலும் பலம் போயிருக்கும். வெல்டிங்கும் சரியாகப் பிடிக்காது. சிவப்பு ஆழமாகப் போயிருந்தால் பட்டறைக்கு எடுத்துப் போகாமல் புதியது வாங்குங்கள்.

அறிகுறி: ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்கெக் உடைந்திருக்கிறது

ஸ்கெக்குக்கு இரண்டு வேலை. புரொப்பெல்லருக்கு முன்னால் அடியை வாங்குவது ஒன்று, படகை நேராக வைப்பது மற்றொன்று. பாதி உடைந்த ஸ்கெக்கோடு ஓட்டினால் மெதுவாகப் போகும்போது படகு அலையும், திருப்பத்தில் ஸ்டியரிங் கனக்கும்.

ஆனாலும் பழியை ஸ்கெக் மேல் போடும் முன், கிடைத்தட்டின் அடியில் இருக்கும் சின்ன ட்ரிம் டேப்பைப் பாருங்கள். அது கழன்று விழுந்திருந்தாலோ திரும்பியிருந்தாலோ இழுப்பு வரும். படகு வலப்பக்கம் இழுத்தால் டேப்பின் பின்முனையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும், இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம்.

ஸ்கெக் விஷயத்தில் நான் பார்க்கும் அளவு ஒன்றே: மிச்சமிருக்கும் ஸ்கெக்கின் அடிவிளிம்பு, இறக்கை நுனி சுற்றும் வட்டத்துக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால் அரத்தால் ராவி, எட்ச் பிரைமரும் பெயிண்டும் அடித்துவிட்டு ஓட்டலாம். வட்டத்துக்கு மேலே போய்விட்டால் அடுத்த பாறையில் முதலில் இடிப்பது புரொப்பெல்லர்தான், தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள்.

வழி இரண்டு. துருப்பிடிக்காத எஃகில் செய்த உறையை மிச்ச ஸ்கெக் மேல் மாட்டி போல்ட் போடுவது சுலபம். ஆனால் பிடித்துக்கொள்ள மிச்ச ஸ்கெக் போதுமான அளவு இருக்க வேண்டும். எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும் என்பதால், உறைக்குள் சீலன்ட் பூசி மாட்டி, ஆனோடையும் கவனித்து வர வேண்டும். மற்றொரு வழி, புதுத் துண்டை டிக் வெல்டிங்கில் ஒட்டுவது. இதைத்தான் நான் விரும்புவேன், செய்பவர் கை தேர்ந்தவராக இருந்தால். உப்பு ஊறிய வார்ப்பு அலுமினியத்தைப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுக்காமல் வெல்டு வைத்தால் உள்ளே காற்றுக்குமிழிகள் நின்றுவிடும். சூடு மேலே ஏறி ஆயில் சீலைக் கருக்கிவிடும் என்பதால், ஆயிலை வடித்துவிட்டு, இடைவெளி விட்டு விட்டுச் சூடு ஏற்ற வேண்டும். முடிந்தால் உள்பாகங்களைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும். புதுத் துண்டு நடுக்கோட்டில் நேராக நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கோணினால் அதுவே இழுக்கும்.

விரிசல் ஸ்கெக்கோடு நிற்காமல் மேலே, ஆயில் இருக்கும் உருளை வரை ஏறியிருந்தால் ஒட்டு வேலை வேண்டாம். கியர்பாக்ஸ் உடம்பையே மாற்ற வேண்டும். பெயிண்ட் பூசும்போது செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டை அலுமினியத்தில் பூசாதீர்கள்.

அறிகுறி: கியர் ஆயில் வெளுத்திருக்கிறது

அடிபட்ட பிறகு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் இதைப் பாருங்கள். எஞ்சினைச் சில மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு, கீழ் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்து வந்தாலோ, தண்ணீர் புகுந்திருக்கிறது. ஸ்க்ரூவின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது வழக்கம்தான், விரலில் குத்தும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் கியர் அடி வாங்கியிருக்கிறது. இந்த நிலையில் புரொப்பெல்லரைச் சரிசெய்வதா மாற்றுவதா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கியர்பாக்ஸுக்குக் காற்றழுத்தச் சோதனை செய்து, சீல் மாற்றுங்கள். திரும்ப ஆயில் நிரப்பும்போது கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்வரை விட வேண்டும்.

ஷாஃப்ட் நேர், ஆயில் சுத்தம், இனி புரொப்பெல்லர்

அலுமினியம் என்றால் லேசான நெளிவும் பல் விழுந்த விளிம்பும் சரிசெய்யத் தகும். பெரிய துண்டு உடைந்து போனது, ஏற்கனவே வெல்டு வைத்த இடத்திலேயே மறுபடி நெளிந்தது, இரண்டு இறக்கைகளுக்கு மேல் கெட்டது என்றால் புதியதே மேல். சூடாக்கிச் சூடாக்கி நிமிர்த்திய அலுமினியம் பழைய பலத்தில் இருக்காது, பட்டறைக் கூலியும் புதியதன் விலையை நெருங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகு நேர்மாறு. விலை கூடுதல், உலோகம் கெட்டி, வெல்டு வைத்து வடிவம் கொடுத்தால் நன்றாகத் திரும்பி வரும். அதனால் பெரும்பாலும் சரிசெய்வதே லாபம். ஆனால் எஃகு இறக்கை எளிதில் நெளியாது, அடியின் பெரும்பகுதியை உள்ளே அனுப்பிவிடும். எஃகுப் புரொப்பெல்லரில் சின்னக் காயம்தான் என்றாலும் ஷாஃப்டைப் பார்க்காமல் விடாதீர்கள். பாறையும் கட்டையும் அடிக்கடி மாட்டும் நீரில் ஓட்டுபவருக்கு நான் அலுமினியத்தையே சொல்வேன்.

எந்த உலோகமானாலும் இறக்கை ஹப்போடு சேரும் அடிப்பகுதியில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலை, சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்துப் பார்க்கும் டை சோதனை காட்டிக்கொடுக்கும். ஓட்டத்தில் இறக்கை கழன்றால் மிச்சமிருப்பவை ஷாஃப்டையே பிடுங்கும் அளவுக்கு உதறும். இன்போர்டு படகின் பெரிய வெண்கலப் புரொப்பெல்லரைச் சரிசெய்யக் கொடுக்கும்போது, புரொப்பெல்லர் அளவுத் துல்லியத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 484இன் எந்த வகுப்புக்கு அளந்து தருவார்கள் என்று கேளுங்கள். எஸ், 1, 2, 3 என்று துல்லியம் படிப்படியாகக் குறையும். அதிர்வு பிடிக்காத படகுக்கு வகுப்பு 1 கேட்கலாம்.

புதியது வாங்கினால் ஹப்பில் பொறித்திருக்கும் விட்டத்தையும் பிட்ச்சையும் குறித்துக்கொண்டு போங்கள். ஸ்ப்லைனில் தண்ணீருக்கான கிரீஸ் தடவி மாட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை கழற்றவே முடியாது. காட்டர் பின் எப்போதும் புதியது. முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டை ஒருமுறை சரிபார்த்து, முழு த்ராட்டில் ஆர்.பி.எம். எஞ்சின் கையேட்டின் வரம்புக்குள் நிற்கிறதா என்று எழுதி வையுங்கள். சரிசெய்த பழைய புரொப்பெல்லரை விற்றுவிடாமல், ஒரு நட், வாஷர், காட்டர் பின், ஸ்பேனர், மரக்கட்டை எல்லாவற்றோடும் ஒரே பையில் கட்டிப் படகில் போட்டு வையுங்கள்.